ஏரியில எவ்வளவு தண்ணீர்னு தெரியுது... எப்படிப்பட்ட தண்ணீர்னு எப்போ தெரியும்?

அக்டோபர் பிறந்தால் போதும், சென்னையில் ஒரு கணக்கு தினமும் சுற்ற ஆரம்பித்துவிடும். செம்பரம்பாக்கம் இன்னைக்கு எத்தனை அடி? புழலுக்கு வரத்து எத்தனை கன அடி? பேப்பரில் வரும், டிவியில் ஓடும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் மெசேஜுக்கு முன்னாடியே வந்து விழும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, செம்பரம்பாக்கத்தின் முழு நீர்மட்டம் 24 அடி என்பது அந்த ஏரியை நேரில் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம்.

2019 கோடையில் கதை தலைகீழ். புழல் ஏரியின் இரண்டு செயற்கைக்கோள் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. 2018-ல் தண்ணீரோடு இருந்த ஏரி, 2019-ல் காய்ந்த தரை. பக்கம் பக்கமாக வைத்த அந்த இரண்டு படங்கள் சொன்னதை எந்த அறிக்கையும் அவ்வளவு வேகமாகச் சொல்லவில்லை.

ஆக, எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்கு ஊருக்கே பதில் தெரிகிறது. அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் அப்படி ஒரு தினசரி பதில் கிடையாது. அதில் பாதிக்காவது பதில் சொல்லக்கூடிய படங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை இலவசமாக வந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் இங்கே விஷயம்.

மேலே இருந்து என்ன தெரியும்?

அடிப்படை ரொம்ப சிம்பிள்: நிறம். தெளிந்த, ஆழமான தண்ணீர் மேலிருந்து பார்த்தால் கருப்பாகத் தெரியும். வண்டல் கலந்தால் சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். பாசி வளர்ந்தால், அதிலுள்ள குளோரோஃபில் 665 நானோமீட்டர் பக்கத்திலுள்ள சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டு, 705 பக்கத்தில் பளிச்சென்று பிரதிபலிக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால், பாசி எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு வந்துவிடும். ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் அகச்சிவப்பில் தனியாகவே தெரியும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இந்த இரண்டு அலைநீளங்களையும் பார்க்கின்றன. 5 நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு மேல் வருகின்றன. படத்தின் ஒரு புள்ளி 10 முதல் 20 மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்தால் 8 நாளைக்கு ஒரு படம், 30 மீட்டர் புள்ளி. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். சென்டினல் ஆரம்பத்திலிருந்தே இலவசம். லேப்டாப்பும் இன்டர்நெட்டும் உள்ள ஒரு கல்லூரி மாணவர்கூட டவுன்லோடு செய்யலாம்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் பாட்டிலோடு ஆள் அனுப்ப முடியாது. அனுப்பினாலும் அது ஒரு நாள், ஒரு கரை, ஒரு பாட்டில். ஒரு பக்கக் கால்வாயிலிருந்து கழிவுநீர் கலக்க, மாதிரி மறுகரையில் எடுக்கப்பட்டால் ரிப்போர்ட் சுத்தமாகத்தான் வரும். படமோ ஏரி முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டும். பழைய படங்களைத் தோண்டினால், எந்த மாதத்திலிருந்து நிறம் மாறியது என்பதும் தெரியும்.

எதெல்லாம் தெரியாது?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேணும். "விண்வெளியில் இருந்தே தண்ணீர் டெஸ்ட்" மாதிரியான தலைப்புகள் சொல்லாமல் விடும் பகுதி இது.

ஈயம், பாதரசம், ஃபுளோரைடு, பூச்சிக்கொல்லி, மலக்கிருமி எதுவும் செயற்கைக்கோளுக்கு நேரடியாகத் தெரியாது. இவை தண்ணீரின் நிறத்தை மாற்றுவதில்லை. கண்ணாடி போலத் தெரியும் தண்ணீர் படத்தில் பாஸ் ஆகிவிடும், லேபில் ஃபெயில் ஆகும்.

அடுத்தது காற்று. நீர்நிலை மேல் கேமரா பிடிக்கும் ஒளியில் பெரும்பகுதி வளிமண்டலத்தில் சிதறி வந்ததுதான். அதைக் கழித்த பிறகு மிஞ்சும் கொஞ்சூண்டு ஒளியில்தான் ஏரியின் கதை இருக்கிறது. கழித்தலில் சின்னப் பிழை வந்தாலும் விடை ஆட்டம் காணும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மேகம் மூடினால் படமே இல்லை. ஆழம் குறைந்த ஏரியில் அடிமண்ணே சில நேரம் வண்டல் மாதிரி ஏமாற்றும்.

நச்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசியைத் தனியாக அடையாளம் காண 620 நானோமீட்டர் பக்கம் பார்க்கணும். சென்டினல்-2-ல் அந்தப் பட்டை இல்லை. சென்டினல்-3-ல் இருக்கிறது, ஆனா அதன் ஒரு புள்ளி 300 மீட்டர். பெரிய ஏரிகளுக்கு ஓகே, ஊர்க் குளத்துக்கு உதவாது.

டொலீடோ சொல்லும் பாடம்

2014 ஆகஸ்ட் 2. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏரி என்ற பெயரிலேயே இருக்கும் பெரிய ஏரியின் கரையிலுள்ள டொலீடோ நகரத்தில், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. காய்ச்சிக் குடிக்கவும் கூடாது, ஏன்னா காய்ச்சினால் அந்த நச்சு போகாது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூன்று நாள் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள். காரணம், நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின்.

கவனிக்க வேண்டியது இது: அந்த ஏரியின் பாசிப் படர்வை செயற்கைக்கோள் படங்கள் மூலம் பின்தொடரும் வேலையை அமெரிக்காவின் நோவா அமைப்பு அதற்கு முன்பே செய்துவந்தது. பாசி இருப்பது தெரியும். குழாய்க்குள் நச்சு வந்துவிட்டது என்பதைச் சொன்னது சுத்திகரித்த தண்ணீரில் செய்த டெஸ்ட். ஆபத்து எந்தப் பக்கம் திரள்கிறது என்று காட்டுவது செயற்கைக்கோள், தீர்ப்பு சொல்வது லேப். ஒன்றுக்கு இன்னொன்று மாற்று கிடையாது.

அதன் பிறகு அங்கே இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட பெரிய ஏரிகளின் பாசி நிலவரத்தைக் காட்டும் மொபைல் ஆப் 2019-ல் பொதுமக்களுக்கு வந்தது. அதில் ஓடும் தரவு ஐரோப்பிய செயற்கைக்கோளுடையது! அந்த டேட்டா உலகத்துக்கே பொது. அதை வாங்கி, சரிபார்த்து, மக்கள் கையில் கொடுத்ததுதான் அந்த நாட்டின் வேலை.

பக்கத்து ஊர் உதாரணம்

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியை லேண்ட்சாட் 8 படங்களில் ஆய்வு செய்தபோது, தண்ணீரில் மிதக்கும் துகள்களின் அளவு ஊரடங்குக்கு முந்தைய நிலையைவிடச் சராசரியாக 15.9 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஏரியில், ஊர் மக்களின் கையில் சின்ன செக்கி தட்டைக் கொடுத்து அளக்க வைத்த திட்டமும் நடந்தது. தட்டைத் தண்ணீரில் இறக்கணும், எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து மொபைலில் பதியணும். அவ்வளவுதான். மேலிருந்து எடுக்கும் கணக்கு சரிதானா என்று ஒத்துப்பார்க்க இப்படிப்பட்ட அளவுகள் வேண்டும்.

இங்கே என்ன செய்யலாம்?

மாதிரி எடுப்பது இங்கேயும் நடக்கத்தான் செய்கிறது. தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டத்தில் ஏரிகளும் உண்டு. முதலில் மாற வேண்டியது மாதிரி எடுக்கும் தேதி. சென்டினல்-2 எந்த நாளில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். வருவது காலை பத்தரை மணி வாக்கில். அதே நாள், அதே நேரத்தில் பாட்டில் நிரப்பினால், அந்த ஏரிக்கான கணக்கை லேப் முடிவோடு சரிசெய்துகொள்ளலாம். ஒரு ஏரியின் கணக்கு இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது என்பதால், இதைக் குடிநீர் ஏரிகளிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் மட்டுமே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் திறன் கொண்டது. பாசி கூடினால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், தண்ணீரில் மண்வாடை வரும். முன்னாடியே தெரிந்தால் நிலையத்துக்கும் லாபம்.

பிறகு, முடிவை வெளியிடணும். உடனே வரும் ஆட்சேபம்: "சிவப்பா ஒரு மேப் போட்டா ஜனங்க பயந்துடுவாங்க." பயம் நியாயமானதுதான், ஏரித் தண்ணீர் வேறு, சுத்திகரித்துக் குழாயில் வரும் தண்ணீர் வேறு. அந்த வித்தியாசத்தை மேப்புக்குப் பக்கத்திலேயே எழுதலாமே? சென்னை வானிலை ரேடார் படத்தையும் ஒரு காலத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாது. இன்று மழை நாளில் அதை ரெஃப்ரெஷ் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஆபீஸுக்குக் கிளம்புகிறார்கள். கையில் கொடுத்ததால்தான் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பெரிய ஆப் எதுவும் முதல் நாளே வேண்டாம். தினமும் வருகிற ஏரி நிலவரப் பட்டியலில் அடி, கன அடி, கொள்ளளவு என்று கட்டங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம்: பாசி, கலங்கல், கடைசியாக லேபில் பார்த்த தேதி. மேகம் மூடிய வாரத்தில் "படம் இல்லை" என்று போட்டாலும் பரவாயில்லை. அந்தத் தேதி மூன்று மாதம் பழசாக இருந்தால், ஏன்னு கேட்க வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் இருப்பார்கள்.