கணிப்பொறிக்குத் தீபாவளி தெரியுமா?



நாளைக்கு எத்தனை சாப்பாடு போகும், எத்தனை அறை நிரம்பும் என்று ஓட்டல்காரருக்கு முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் வந்துவிட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் விசேஷ நாட்களைத் தனியே கணக்கில் எடுக்காத மென்பொருள் நம் ஊருக்கு ஆகாது என்பது என் கட்சி.

ஏன்? 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். 2025-ல் அக்டோபர் 20, திங்கள். 'போன வருஷம் இதே தேதியில் எவ்வளவு விற்றது?' என்று மட்டும் பார்க்கும் மென்பொருள், பண்டிகையன்று வழக்கம்போல் உலை வைக்கச் சொல்லும். பண்டிகை முடிந்த பதினோராம் நாள் கூட்டமே வராது என்று பயமுறுத்தும்!

சரி, சராசரி போட்டால்? ஒரு மெஸ்ஸில் திங்கள்தோறும் 200 சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்ட தீபாவளித் திங்களன்று 40 மட்டுமே போகிறது. நான்கு திங்களின் சராசரி 160. அதை நம்பினால் அடுத்த திங்கள் 40 பேர் பசியோடு திரும்புவார்கள். ஆகவே அந்த நாளின் கணக்கை அழிக்கவும் கூடாது, மற்ற நாட்களோடு கலக்கவும் கூடாது. 'தீபாவளி' என்று பெயரிட்டு, முன்பின் நாட்களையும் சேர்த்துத் தனியே வைக்க வேண்டும். பேஸ்புக் நிறுவனம் 2017-ல் இலவசமாக வெளியிட்ட 'ப்ராஃபெட்' மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது.

எல்லையில் இருக்கும் நமக்கோ ஒரு காலண்டர் போதாது. நவம்பர் 1 கர்நாடகத்தில் ராஜ்யோத்சவ விடுமுறை. நமக்கு வேலை நாள். காவிரிப் பிரச்சினைக்காக 2023 செப்டம்பர் 29-ல் கர்நாடக பந்த் நடந்தபோது தமிழகப் பேருந்துகள் எல்லையோடு நின்றன. அப்படிப்பட்ட நாளில் பெங்களூரிலிருந்து வரும் கூட்டம் குறையும். எல்லையில் இறங்கி நிற்பவர்களின் கூட்டம் கூடும். எங்கள் சானமாவுக் காட்டுக்கு யானைக்கூட்டம் வந்துவிட்டாலோ, சாலையோர டிபன் கடையின் இரவு வியாபாரம் போச்சு. இதெல்லாம் எங்கோ உட்கார்ந்து புரோகிராம் எழுதுபவருக்கு எப்படித் தெரியும்? கல்லாவில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மெஸ்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, அதையெல்லாம் நாமளே அடிச்சுப் போடணும்னா அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு?"

"உங்க அனுபவத்தை அது மறக்காம வச்சுக்கத்தாண்ணே" என்றேன்.

தப்புக் கணக்கால் முதலாளிக்குச் சோறு மிஞ்சும், அவ்வளவுதான். ஆனால் 'கம்ப்யூட்டர்ல கூட்டம் காட்டல, நாளைக்கு வர வேணாம்' என்று அனுப்பப்படும் பாத்திரம் கழுவும் அக்காவுக்கு ஒரு நாள் கூலியே போய்விடும்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஓட்டல் மென்பொருள் எழுதப்போகும் நண்பர்களே! விசேஷத்தின் பெயர், இவ்வாண்டுத் தேதி, எந்த மாநிலம், முன்பின் எத்தனை நாள், கூட்டம் கூடுமா குறையுமா என்று ஐந்து கட்டம் கொண்ட ஓர் அட்டவணை சேருங்கள். அதைக் கடைக்காரரே தமிழில் நிரப்பும்படி செய்யுங்கள். நம் ஊரை அறிந்த கணிப்பொறியே நம் ஊருக்கு உதவும்!