ஆட்டின் மூச்சும் ஆய்வாளரின் வகுத்தலும்

சென்ற கோடையில் தாராசுரத்தைத் தாண்டி ஒரு தரிசு வயலில் ஆட்டுக்கிடை கட்டியிருந்தது. இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி ஒருவரின் மந்தை. அங்கே ஓர் இளைஞரைச் சந்தித்தேன். மேய்ச்சல் கால்நடைகளின் நடத்தையும் கரிம உமிழ்வும் அவருடைய முனைவர் பட்ட ஆய்வுப்பொருள். ஆடுகள் எவ்வளவு நேரம் மேய்கின்றன, எவ்வளவு நேரம் அசைபோடுகின்றன என்று வெயிலில் நின்று குறித்துக்கொண்டிருந்தார். உழைப்பில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆய்வு முடியுமுன்பே முடிவு அவர் கையில் இருந்தது. ஒரு கிலோ இறைச்சிக்கு இத்தனை மீத்தேன் என்று கணக்கிட்டால் நாடோடி மந்தைகள் திறனற்றவை. ஆகவே அவற்றைக் குறைக்க வேண்டும் என்றார். கீதாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இந்த வயக்காரரு எனக்கு எதுக்குக் காசு குடுக்குறாரு தம்பி, கறிக்கா?” என்றார். இளைஞர் சிரித்துவிட்டு ஏட்டைப் புரட்டினார். சிரித்துக் கடக்கத்தக்க கேள்வி அன்று அது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் மீத்தேன் உண்டாவது உண்மை. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதும் உண்மை. இதையெல்லாம் மேலைநாட்டுச் சூழ்ச்சி என்று புறந்தள்ளும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் சண்டை அளப்பதோடு அன்று, வகுப்பதோடு.

வளரும் நாடுகளின் ஆடு ஒன்று ஆண்டுக்குச் சுமார் 5 கிலோ மீத்தேன் வெளியிடுவதாகவும், வட அமெரிக்கக் கறவைப்பசு 120 கிலோவுக்கு மேல் வெளியிடுவதாகவும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் கொள்கின்றன. ஆனால் இந்த எண்ணைப் பாலாலும் இறைச்சியாலும் வகுத்தவுடன் அந்தப் பசு யோக்கியமாகிவிடுகிறது; கிடை ஆடு குற்றவாளியாகிவிடுகிறது. எதனால் வகுப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அது மனிதர் எடுக்கும் முடிவு. அறிவியலின் பெயரில் அது நுழைந்துவிடுவதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

கிடை என்பது இறைச்சித் தொழில் மட்டும் அன்று. சம்பா அறுவடை முடிந்ததும் மந்தைகள் டெல்டாவுக்கு வருகின்றன. பகலில் தாளையும் களையையும் மேய்ந்து, இரவில் வயலில் அடைபட்டுப் புழுக்கையும் மூத்திரமும் இட்டுச் செல்கின்றன. வயல்காரர் கூலி கொடுப்பது இந்த உரத்துக்குத்தான். இதற்கு ஈடான யூரியாவை எரிவாயுவையோ நிலக்கரியையோ கொண்டுதான் ஆலையில் செய்தாக வேண்டும். அந்தப் புகையை ஆட்டின் கணக்கில் கழித்தாரா ஆய்வாளர்? கழிக்கவில்லை. ‘துணைப்பயன்’ என்று அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதப்போவதாகச் சொன்னார். வயல்காரருக்கு முதற்பயனாக இருப்பது ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகிறது!

தொழு உரமும் நெல்வயலில் மீத்தேனைக் கூட்டுமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. நீர் நிற்கும் வயலில் புதிய கரிமப் பொருளை இட்டால் மீத்தேன் கூடத்தான் செய்யும். ஆனால் நடவுக்கு வெகுமுன்னே இட்டால் அந்த விளைவு பெரிதும் குறைகிறது. கிடை கட்டுவது காய்ந்த நிலத்தில், கோடையில். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் மந்தை ஊர் திரும்பத் தொடங்கிவிடும். சாணத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வரும் என்றால் அதையும் கணக்கில் சேர்க்கட்டும். யூரியாவிலிருந்து வருவதையும் பக்கத்திலேயே எழுதட்டும்.

இந்தக் காவேரிப் படுகைக்கு எண்களிடம் சற்றே ஐயம் இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருந்தது. மேலைநாட்டு வயல்களின் அளவைகளை இங்கே நீட்டிப் பெற்ற எண் அது. 1991இல் ஏ.பி. மித்ரா முதலானோர் நம் வயல்களிலேயே அளந்தபோது கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! அதே ஆண்டில்தான் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்கான உமிழ்வையும் சொகுசுக்கான உமிழ்வையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை.

எண்கள் ஏட்டோடு நிற்பதில்லை, ஆணைகளாக மாறும். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பின்பு அந்தத் தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. காரணம் வேறு, வனப் பாதுகாப்பு. ஆனால் மேய்ப்பவனுக்கு ஒரு வரி எவ்வளவு தொலைவு எட்டும் என்பதற்கு அது சான்று. நாளை ‘திறனற்ற மந்தை’ என்னும் சொல் ஒரு திட்ட அறிக்கையில் ஏறினால் யார் திருத்துவார்?

நம்மையும் சொல்ல வேண்டும். கி.ரா.வின் ‘கிடை’யையும் சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யையும் வகுப்பில் நடத்துகிறோம். ‘மாடு’ என்றாலே செல்வம் என்று பொருள் கூறிப் பூரிக்கிறோம். ஆனால் அந்தச் செல்வத்தைப் பற்றி ஒரு தவறான கணக்கு எழுதப்படும்போது, அது அறிவியல், நமக்குரியதன்று என்று ஒதுங்கிவிடுகிறோம். முல்லைத் திணைக்கு உரை எழுதுகிறவன் முல்லை நில மனிதனுக்காக ஓர் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளக் கூடாதா?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு சிற்பம் உண்டு. தலை ஒன்றே, ஒரு பக்கம் காளையாகவும் மறுபக்கம் யானையாகவும் தெரியும். அந்த இளைஞரிடம், ஊர் திரும்புமுன் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். பார்த்தாரா என்று தெரியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் காலம் இருக்கிறது. கீதாரியின் கேள்விக்கு அதில் ஓர் இயல் ஒதுக்கட்டும், அடிக்குறிப்பு போதாது.