விளக்கை மினுக்குவது யாருக்காக?



மன்னார் – பூநகரி வீதியில் பயணம் செய்வோர் யாவரும் அறிந்த வழக்கம் ஒன்றுண்டு. எதிரே வரும் வாகனம் பட்டப்பகலிலே தன் முன்விளக்கை இருமுறை மினுக்கிச் செல்லும். "முன்னே பொலிசார் வேகத்தை அளக்கும் கருவியோடு நிற்கின்றனர், மெதுவாகப் போ" என்பதே அதன் பொருள். விடத்தல்தீவுச் சந்தியில் அவ்வாறு குறைந்த வேகம், இலுப்பைக்கடவையை எட்டுமுன்னரே பழைய நிலைக்கு ஏறிவிடுகின்றது.

வாகனம் ஓட்டுவோரின் மனக்குறை நியாயமற்றதன்று. விடியற்காலையில் மீனை ஏற்றிச் செல்லும் பட்டா வாகனச் சாரதியின் அனுமதிப்பத்திரம் வீதியோரத்திலேயே பறிக்கப்படுகின்றது. கையில் தற்காலிகத் துண்டொன்று கிடைக்கின்றது. தபாலகத்தில் பணம் செலுத்தினால், பற்றுச்சீட்டுடன் பொலிஸ் நிலையத்துக்கு மீண்டும் அலையவேண்டும். 14 நாட்கள் கடந்தால் தண்டம் இருமடங்கு. 28 நாட்கள் கடந்தால் நீதிமன்றம். ஒருநாள் உழைப்பு தண்டத்திலும், இன்னொருநாள் உழைப்பு அலைச்சலிலும் போய்விடுகின்றன. கொழும்பிலோ 2024 சனவரி 22 முதல் கமராப் பதிவுகளைக் கொண்டே குற்றங்கள் கண்டறியப்படுகின்றன. "கமராவிடம் காரணம் சொல்ல முடியுமா? அதற்கு இரக்கம் உண்டா?" என்று நம்மவர் கேட்கின்றனர்.

இக்கேள்விகளை நாம் அலட்சியம் செய்யலாகாது. தண்டம் திருத்துவதற்கேயன்றித் திறைசேரியை நிரப்புவதற்கன்று. வேக எல்லைப் பலகை தெளிவாகத் தெரியவேண்டும். குற்றத் துண்டு சாரதிக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். ஒரே தொகை, செல்வந்தருக்கும் கடற்றொழிலாளிக்கும் ஒரே சுமையன்று. இதனை உணர்ந்தே பின்லாந்து நாடு 1921 முதல் வருமானத்துக்கேற்ப தண்டம் விதிக்கும் முறையைக் கைக்கொண்டு வருகின்றது. இத்தகைய நீதியை நாமும் வெளிப்படையாகக் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும்.

ஆயினும் நம் கோபம் முழுவதும் நீதிக்கான கோபந்தானா? கமராவின் கையில் தாளைத் திணிக்க இயலாது. அது "யாருடைய ஆள் நீ?" என்று கேட்பதில்லை. ஏழையென்று சலுகை காட்டாமலும் பெரியவரென்று அஞ்சாமலும் தீர்ப்பிடுமாறு லேவியர் நூல் கட்டளையிடுகின்றது. அக்கட்டளையின் ஒரு பகுதியை இந்த உயிரற்ற கருவி நிறைவேற்றுகின்றதே! கெஞ்சியும் கொடுத்தும் தப்பிய வழி அடைபட்டதனால் எழும் கோபத்துக்கு நீதியென்று பெயரிடலாகாது.

நம் உறவுகள் பலர் வாழும் பிரான்சை எடுத்துக்கொள்வோம். அங்கு தானியங்கி வேகக் கமராக்கள் 2003இல் அறிமுகமாயின. 2002இல் ஏழாயிரத்துக்கு மேலிருந்த வீதி மரணங்கள், 2006இல் ஐயாயிரத்துக்கும் குறைந்தன. கடுமையான பிற நடவடிக்கைகளும் சேர்ந்தே அவ்வுயிர்களைக் காத்தன எனினும், கமராவின் பங்கு சிறிதன்று. அதே நாட்டில் 2018இன் இறுதியில் எழுந்த மஞ்சள் அங்கிப் போராட்டத்தின்போது, கமராக்களில் பாதிக்கும் மேற்பட்டவை சேதமாக்கப்பட்டன. தண்டச்சீட்டைக் கையில் பெற்றவருக்குத் தாம் யாரென்பது தெரியும். காப்பாற்றப்பட்டவருக்கோ தாம் காப்பாற்றப்பட்டதே தெரியாது. ஆகவேதான் கோபத்தின் குரல் மட்டும் ஓங்கி ஒலிக்கின்றது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் வீதிகளில் மடிகின்றனர். 5 முதல் 29 வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதற்காரணம் வீதி விபத்தே என்கிறது உலக சுகாதார நிறுவனம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம், ஒரு விநாடிக்குள் 19 மீற்றரைக் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். பாடசாலை விட்டு ஓடிவரும் பிள்ளைக்கும், மாலைச் செபமாலைக்கு நடந்து செல்லும் முதிய தாய்க்கும் அந்த விநாடியே வாழ்வு. கடலிலும் போரிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த கரை இது. எஞ்சியிருப்போரை வீதிக்கும் கொடுப்பதா?

திருஅவை இதனைச் சிறு காரியமாகக் கருதவில்லை. மதுபோதையாலோ வேகத்தின் மீதுள்ள மோகத்தாலோ தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் பெரும் குற்றத்துக்கு ஆளாகின்றனர் எனக் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் (எண் 2290) கற்பிக்கின்றது. 2007 யூன் மாதத்தில் வத்திக்கான் வெளியிட்ட வீதி மேய்ப்புப்பணி வழிகாட்டி, சாரதிகளுக்கென்றே பத்துக் கட்டளைகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது, கொலை செய்யலாகாது என்பதே! வீதியில் வலுக்குறைந்தவரைக் காக்கவும், விபத்தில் சிக்கிய குடும்பங்களுக்குத் துணைநிற்கவும் அது பணிக்கின்றது. அப்படியாயின் வீதியோரம் நிற்கும் வேக எல்லைப் பலகை, ஐந்தாம் கட்டளையை இலக்கத்தில் எழுதிய பலகையன்றோ?

அன்புக்குரியவர்களே, முன்பின் அறியாத ஒருவர் தண்டத்திலிருந்து தப்பவேண்டுமென்று விளக்கை மினுக்குகின்றோம். அதிலும் ஓர் அயலன்பு இருக்கத்தான் செய்கின்றது. அந்த அன்பைச் சற்று விரித்தால் என்ன? வீதியில் மாடுகள் படுத்திருக்கும்போது, பிள்ளைகள் வீதியைக் கடக்கும்போது, மடுத்திருவிழாவுக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் வீதியோரத்தை நிறைக்கும்போது, பின்வருவோருக்கும் எதிர்வருவோருக்கும் நம் விளக்கு எச்சரிக்கை சொல்லட்டும். இன்றிரவு குடும்பச் செபத்தின் முடிவில், நாளை வாகனத்தை எடுக்கவிருக்கும் தந்தையிடமும் மகனிடமும் "பொலிசார் இல்லாத இடத்திலும் மெதுவாகப் போங்கள்" என்று வீட்டிலுள்ளோர் வாய்திறந்து கேளுங்கள்.