எரிய விட்டுக் காட்டுங்க!

எலெக்ட்ரிக் கடைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நீங்கள் ஒரு பல்ப் கேட்டால், கடைக்காரர் அதை அட்டையிலிருந்து உருவி, கல்லாவுக்குப் பக்கத்தில் பலகையில் அடித்து வைத்திருக்கும் ஹோல்டரில் மாட்டி, ஸ்விட்சைத் தட்டி எரிய விட்டுக் காட்டுவார். அப்புறம்தான் காசு. இதை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. 'அட்டையைப் பிரிச்சிட்டீங்களே, இனிமே யாரு வாங்குவா?' என்று அவரும் புலம்பியதில்லை.

பத்து ரூபாய் பல்புக்குக் கிடைத்த இந்த மரியாதை, முப்பதாயிரம் ரூபாய் டேப்லெட்டுக்குக் கிடைப்பதில்லை.

டேப்லெட் என்றதும் மருந்துக்கடை ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். நான் சொல்வது முழுங்குகிற டேப்லெட் அல்ல, தடவுகிற டேப்லெட். முழுங்குகிற டேப்லெட்டையாவது திருப்பிப் பார்த்து எக்ஸ்பைரி தேதி படிக்கிறோம். தடவுகிற டேப்லெட்டை மட்டும் சீல் வைத்த பெட்டியோடு, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

நமக்குப் பார்த்து வாங்கத் தெரியாதா என்ன? வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டுகிறோம். மண்பானையைத் தட்டிச் சத்தம் கேட்கிறோம். பட்டுப்புடவையைக் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் நம்பாமல், வாசல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் ஏ.சி. ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் எங்கே போய்விடுகிறது?

தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் காட்டுகிற கறாரை, டை கட்டிய பையனிடம் காட்ட நமக்குக் கூச்சம். "பிரிச்சுக் காட்டுங்க" என்று சொன்னால் விஷயம் தெரியாத ஆள் என்று நினைத்துவிடுவானோ என்கிற பயம். "சீல் உடைச்சா கம்பெனி திரும்ப எடுத்துக்காது சார்" என்று அவன் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தலையாட்டி விடுகிறோம். பெரிய கடைகள் நம்மிடம் எதிர்பார்ப்பது பணத்தை மட்டுமல்ல, இந்தக் கூச்சத்தையும்தான்.

சரி, பிரித்துப் பார்க்காததில் அப்படி என்ன குடி முழுகிப் போகிறது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்து அங்குல டேப்லெட்டின் திரை 1920-க்கு 1200 என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அதாவது, 23 லட்சத்து 4 ஆயிரம் பிக்ஸல், புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டிப் புள்ளிகள். மொத்தம் 69 லட்சத்து 12 ஆயிரம். எல்.சி.டி. திரையில் இந்தக் குட்டிப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மெல்லிய டிரான்சிஸ்டர் உண்டு. அது வேலை செய்யாவிட்டால், புள்ளி ஒன்று எப்போதும் இருண்டே கிடக்கும் அல்லது எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முதலாவதை டெட் பிக்ஸல் என்கிறார்கள். ஒரே நிறத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதை ஸ்டக் பிக்ஸல் என்கிறார்கள். ஸ்டக் ஆனது சில சமயம் தானே சரியாகும். செத்தது செத்ததுதான்.

69 லட்சத்தில் ஒன்று தவறுவது பாவமில்லை. அத்தனையும் சரியாக எரிவதுதான் அதிசயம். அதனால் தயாரிக்கிறவர்களை இதற்காக நான் திட்டப் போவதில்லை. தவறிய அந்த ஒன்றை யார் தலையில் கட்டுவது என்பதுதான் என் கேள்வி.

இதற்கும் ஒரு சர்வதேச விதி எழுதி வைத்தார்கள். 2001-இல் வந்தது, ஐ.எஸ்.ஓ. 13406-2 என்று பெயர். அதில் திரைகளுக்கு ரயில் பெட்டி மாதிரி வகுப்புகள். முதல் வகுப்பில் ஒரு புள்ளிகூடப் பழுதாக இருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் இருண்டது 2, குட்டிப் புள்ளிப் பழுது 5 வரை இருக்கலாம். 2008-இல் இந்த விதி போய் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசையில் வேறு விதி வந்தது. அதிலும் வகுப்புப் பிரிவினை போகவில்லை. மானிட்டர் கம்பெனிகள் பலவும் எந்த வகுப்பில் போய் உட்கார்ந்தன என்று நினைக்கிறீர்கள்? இரண்டாம் வகுப்பில்தான்.

இந்த இரண்டாம் வகுப்புக் கணக்கை நம் 23 லட்சம் புள்ளிக்குப் போட்டால், எரிகிற பழுது 4, இருண்ட பழுது 4, குட்டிப் பழுது 11. ஆக 19 இடத்தில் புள்ளி குத்தியிருந்தாலும், "இதெல்லாம் நார்மல் சார்!"

ரயிலில் இரண்டாம் வகுப்பு என்றால் டிக்கெட்டில் போட்டிருக்கும், கட்டணமும் குறைவு. இங்கே முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, எந்த வகுப்பு என்பதைப் பெட்டியின் மேல் அச்சடிக்காமல் விடுகிறார்கள். எத்தனை பிக்ஸல் இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் வரும். எத்தனை செத்திருந்தால் மாற்றித் தருவோம் என்று விளம்பரம் வந்து பார்த்திருக்கிறீர்களா?

புள்ளிப் பழுது சின்ன விஷயம் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தால்? பெட்டியை வீட்டில் போய்ப் பிரிக்கிறீர்கள். மூலையில் விரிசல். மறுநாள் கடைக்குப் போனால், "நீங்க கீழ போட்டிருப்பீங்க. ஃபிசிகல் டேமேஜுக்கு வாரன்ட்டி கிடையாது." போடவில்லை என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? கடை வாசலைத் தாண்டிய நிமிஷத்திலிருந்து அது உங்கள் விரிசல். பெண்ணின் படிப்புக்காக மாதத் தவணையில் வாங்கிய அப்பா, விரிசலுக்கும் சேர்த்துத் தவணை கட்டுவார்.

எனவே, பார்க்க வேண்டிய இடம் கடைதான். பார்ப்பதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. கால் மணி நேரம் போதும்.

முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் என்று ஐந்து படங்களை வீட்டிலேயே தயார் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் யூடியூபில் 'டெட் பிக்ஸல் டெஸ்ட்' என்று தேடினால் இதே நிறங்கள் கிடைக்கும். கடையில், திரை மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்து, துடைத்துவிட்டு, வெளிச்சத்தை முழுசாக ஏற்றுங்கள்.

வெள்ளைத் திரையில் கரும்புள்ளி, உள்ளே மாட்டிய தூசி, மூலையில் மஞ்சள் படர்ந்த இடம் எல்லாம் தெரியும். கறுப்புத் திரையில், அணையாமல் எரிகிற புள்ளி நட்சத்திரம் மாதிரி நிற்கும். ஓரங்களில் வெளிச்சம் கசிவதும் தெரியும். எல்.சி.டி.யில் கொஞ்சம் கசிவு சகஜம். கண்ணை உறுத்துகிற அளவுக்கு இருந்தால் விடாதீர்கள். ஷோரூம் விளக்கில் இது சரியாகத் தெரியாது, கவுன்ட்டருக்கு அடியில் இருட்டாகப் பிடித்துக் குனிந்து பாருங்கள். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. சிவப்பு, பச்சை, நீலத் திரைகள் எதற்கு என்றால், சிவப்புக் குட்டிப் புள்ளி செத்திருந்தால் பச்சைத் திரையில் அது ஒளிந்துகொள்ளும். சிவப்பில்தான் மாட்டும்.

அடுத்தது தொடுதிரை. ஏதாவது ஒரு ஐகானை விரலால் அழுத்திப் பிடித்து, கோலத்துக்கு இழை இழுப்பது மாதிரி, மேலிருந்து கீழ்வரை இடம் விடாமல் இழுத்துக்கொண்டு போங்கள். ஐகான் எங்கேயாவது விரலை விட்டுக் கழன்றால், அதே இடத்தில் இன்னும் இரண்டு தரம் இழுங்கள். மூன்று தரமும் கழன்றால் அங்கே தொடு உணர்ச்சி இல்லை. கடைசியாகத் திரையை அணைத்து, டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடியில் கீறல் பாருங்கள். அவ்வளவுதான்.

"இதுக்கெல்லாம் பர்மிஷன் இல்ல சார்" என்று சொல்வார்கள். பர்மிஷன் 1930-லேயே கொடுத்தாகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்டு இன்றும் அமலில் இருக்கும் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவை யாராவது அந்தப் பையனின் மேனேஜருக்குப் படித்துக் காட்டலாம். முன்பே பரிசோதிக்காத சரக்கைக் கையில் வாங்கியதாலேயே நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைத்த பிறகுதான் அந்தப் பேச்சு. வாங்குபவர் கேட்டால் அந்த வாய்ப்பைக் கொடுக்க விற்பவர் கடமைப்பட்டவர். வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, என்று ஒரு வால் உண்டு. அந்த வாலைத்தான் பில்லின் அடியில் எறும்பு சைஸில் அச்சடிக்கப் பார்ப்பார்கள். அதனால் பில்லைப் படியுங்கள்.

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவில் வாங்குபவருக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நீங்கள் பரிசோதித்து வாங்கினால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு, தரம் பற்றிச் சட்டம் தருகிற பாதுகாப்பு கிடையாது. எனவே, மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு "ம்... நல்லாருக்கு, பேக் பண்ணுங்க" என்பது ஆபத்து. பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்கிற வாசகத்துக்கு வருவோம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை, பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை, நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. குறை என்றால் என்ன என்பதையும் அதே சட்டம் சொல்கிறது: விற்பவர் சொன்ன தரத்தில் இல்லாததும் குறைதான். 23 லட்சத்து 4 ஆயிரம் புள்ளி என்று சொன்னது யார், நாமா?

ஆனால், ஒரு புள்ளிக்காக வழக்குப் போட்டு மாதக்கணக்கில் அலைவதைவிட, கடையில் கால் மணி நேரம் நிற்பது சுலபம். அப்படியும் அலைய வேண்டி வந்தால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். "பிரிச்சுப் பாத்துட்டு நல்லா இருந்தும் வேணாம்னு போயிட்டா, பிரிச்ச பெட்டியை நான் யாருக்கு விக்கிறது?" என்கிறார். சரியான கேள்வி. இதற்கு விடை ரொம்பச் சுலபம். பில் போடுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். "காசு குடுத்துடறேன். இங்கயே பிரிச்சுப் பாப்பேன். நல்லா இருந்தா எடுத்துட்டுப் போறேன். புள்ளியோ கீறலோ இருந்தா இப்பவே வேற ஒண்ணு குடுங்க." அவர் சரி என்றால், பில்லின் பின்னால் ஒரு வரி எழுதி சீல் போடச் சொல்லுங்கள். அவருக்கும் நஷ்டமில்லை, உங்களுக்கும் நஷ்டமில்லை. "சர்வீஸ் சென்டருக்குப் போய் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க" என்றால், காசு வாங்கியது சர்வீஸ் சென்டரா என்று கேளுங்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்குக் கடையும் இல்லை, கவுன்ட்டரும் இல்லை. ஓ.டி.பி. சொன்னால்தான் பொட்டலம் கைக்கு வரும். சில தளங்கள் வாசலிலேயே திறந்து காட்டும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள். இல்லாவிட்டால், பொட்டலத்தின் முகவரிச் சீட்டில் ஆரம்பித்து, திரையில் ஐந்து நிறமும் பார்த்து முடிக்கும்வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. வாசலில் நிற்கிற டெலிவரி பையனிடம் மட்டும் கத்தாதீர்கள். அவன் அந்தத் திரையைச் செய்யவும் இல்லை, விற்கவும் இல்லை.

கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை. கவுன்ட்டரில் ஒரு மூலையை ஒதுக்கி, 'வாங்கியதை இங்கேயே சோதித்துப் பாருங்கள்' என்று ஒரு போர்டு மாட்டுங்கள். சினிமா நட்சத்திரத்தை வைத்து எடுக்கும் விளம்பரத்தைவிட அதற்கு ஆள் வருவார்கள். பல்ப் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் தலைமுறை தலைமுறையாக வந்தது அந்த ஒரு ஹோல்டரால்தான்.

ஒரு வார்த்தை நமக்கு. கடையில் எரிய விட்டுப் பார்த்தவர் பல்ப் வாங்கினார். பார்க்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், இந்தக் காலத்துப் பசங்க பாஷையில் சொன்னால், அவரும் 'பல்ப்' வாங்கினார். பிரித்துக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு கடை இருக்கிறது.