மலடி என்னும் சொல்

பிள்ளை பெறாதவளின் உடலில் நோய் எளிதிற் குடியேறும் என்பார் நம்மிடையே பலர். அதில் ஓரளவு உண்மை உண்டு. கன்னியாஸ்திரீகளிடையே மார்புப் புற்றுநோய் மிகுந்திருந்ததை இத்தாலிய வைத்தியர் இரமசீனி தமது நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே குறித்துள்ளார். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆராய்ச்சி, ஒவ்வொரு மகப்பேறும் அந்நோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 7 வீதம் குறைப்பதாகக் கண்டது.

ஆயினும் பிள்ளைப்பேறு உடலுக்குச் செலவின்றி வருவதன்று. கருப்பை இறக்கம் பெரும்பாலும் பல பிள்ளை பெற்ற தாய்மாரையே வருத்துகிறது. ஆகவே, உடல்நலத்தைக் காட்டி ஒருத்தியை உயர்த்துவதும் மற்றொருத்தியைத் தாழ்த்துவதும் அறிவுக்கு ஒவ்வா என்பேன்.

‘மலடன்’ என்ற சொல்லும் நம் அகராதியில் உண்டு. மணவீட்டில் அதைச் சொல்லி எவனையேனும் ஒதுக்கினோமா? ‘மலடி’ என்று ஒதுக்கப்பட்டவள் தன் மார்பிற் கண்ட கட்டியையும் நாணி மறைப்பாளாயின், அப்பழி நம்மையே சாரும்.