உறக்கத்தில் நிற்கும் மூச்சு

1857-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜான் டிண்டால் என்னும் பௌதிக சாஸ்திரி, ஆல்ப்ஸ் மலையிலுள்ள மோன் பிளாங்க் சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். சிகரம் அண்மையில் தெரிந்தது; ஆனால் களைப்பு மேலிட்டுவிட்டது. பனியின்மேல் சாய்ந்தார், சாய்ந்த மாத்திரத்தில் உறங்கிப் போனார். உடன் வந்த கணித அறிஞர் தாமஸ் ஹர்ஸ்ட் காது கொடுத்துக் கேட்டார். நண்பருடைய மூச்சுச் சப்தமே கேட்கவில்லை! பதறிப்போய்த் தட்டி எழுப்பினார். டிண்டால் எழுந்தார், நடந்தார், சிகரத்தையும் அடைந்தார்.

ஹர்ஸ்ட் அடைந்த அச்சத்தை உயரமான மலைகளில் கூடாரமடித்துத் தங்குவோர் இன்றும் அடைகிறார்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் மூன்று நான்கு முறை ஆழ்ந்து மூச்சு விடுகிறார். பிறகு நிசப்தம். விநாடிகள் பல கழிகின்றன. திடீரென்று ஒரு பெருமூச்சு, மீண்டும் நாலைந்து மூச்சு, மீண்டும் நிசப்தம். எழுப்பலாமா, வேண்டாமா? இதற்கு விடை தெரிந்திருப்பது உயிர் காக்கும் விஷயம். லே நகரத்துக்கு விமானத்தில் செல்பவர்கள் சமவெளியில் காலை ஆகாரத்தை முடித்துக்கொண்டு, இரவில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் படுத்துறங்கும் காலம் இது. ஆகவே இஃது மலையேறும் வீரர்களுக்கு மட்டுமே உரிய செய்தி அன்று.

மலை மேலே காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். விகிதம் எங்கும் ஒன்றுதான். நூற்றுக்குச் சுமார் 21 பங்கு. குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டர் உயரத்தில் அது கடற்கரையில் உள்ளதில் பாதி. எவரெஸ்ட் உச்சியிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைந்து போகிறது.

நம் சுவாசத்துக்கு இரண்டு காவலர் உண்டு. ஒருவர் கழுத்தில் இருக்கிறார். தலைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய நாடி கிளை பிரியும் இடத்தில், இரு பக்கமும் அரிசிமணி அளவுள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால், “இன்னும் வேகமாக மூச்சு விடு” என்று மூளைக்குச் சொல்லுவது அதன் வேலை. இந்தக் காவலரின் வேலையை விளக்கிய ஆராய்ச்சிக்காகவே பெல்ஜிய நாட்டு ஹேமான்ஸுக்கு 1938-ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தது. மற்றொரு காவலர் மூளையின் அடிப்பாகத்தில் இருக்கிறார். அவர் கவனிப்பது கரியமில வாயுவை. அது மிகுந்தால் மூச்சைத் தூண்டுவார்; குறைந்தால் மூச்சைத் தளர்த்துவார்.

சமவெளியில் இருவருக்கும் பிணக்கில்லை. மலையிலேதான் சச்சரவு பிறக்கிறது. பிராணவாயு போதவில்லையென்று கழுத்துக் காவலர் மூச்சை விரைவாக்குகிறார். அந்த வேகத்தில் கரியமில வாயு அளவுக்குமேல் வெளியேறிவிடுகிறது. விழித்திருக்கும்வரை பாதகமில்லை, விழிப்பு நிலையே மூச்சை நடத்திக்கொண்டு போகும். உறங்கியதும் மூளைக் காவலரின் ஆட்சி ஓங்குகிறது. “கரியமில வாயு குறைவாயிருக்கிறதே, மூச்சு எதற்கு?” என்று அவர் நிறுத்திவிடுகிறார். நின்ற சில விநாடிகளில் பிராணவாயு மேலும் குறைகிறது. கரியமில வாயு சேருகிறது. கழுத்துக் காவலர் அலறுகிறார். உடனே பெருமூச்சுகள், கரியமில வாயு மறுபடியும் வெளியேறுகிறது, மறுபடியும் நிறுத்தம். மிக உயர்ந்த இடங்களில் இந்தச் சக்கரம் ஒரு முறை சுற்றச் சுமார் 20 விநாடிதான் ஆகிறது. யோகிகள் முயன்று பழகும் கும்பகத்தை மலையானது கேளாமலே செய்து வைக்கிறது எனலாம். ஆனால் இதில் அமைதியில்லை. உறங்குபவர் அடிக்கடி மூச்சுத் திணறி விழித்துக்கொள்கிறார்.

இந்த விஷயத்தில் அறிஞர்களுக்குள்ளும் ஒரு வழக்கு நடந்தது. மலைநோய்க்கெல்லாம் காரணம் பிராணவாயுக் குறைவே என்று பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878-இல் நிலைநாட்டினார். இத்தாலிய அறிஞர் ஆஞ்சலோ மோஸோவோ, 1894-இல் மோன்டே ரோஸா மலையில் 4,500 மீட்டருக்கு மேலுள்ள குடிலில் ஆராய்ச்சி நடத்தி, கரியமில வாயுக் குறைவே காரணம் என்று வாதித்தார். மலைநோயைப் பொறுத்தவரை தீர்ப்பு பால் பேர் பக்கம். ஆயினும் இரவில் மூச்சு நிற்பதற்கு மோஸோ சொன்ன குறைவும் வேண்டியிருக்கிறது. ஒன்று மூச்சை விரட்டுகிறது, மற்றொன்று நிறுத்துகிறது.

1981-ஆம் வருஷம் எவரெஸ்ட் சென்ற அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவில், வங்காளியரான சுகமய் லாஹிரி என்னும் அறிஞர் இருந்தார். சுமார் 5,400 மீட்டர் உயரத்தில், உறங்குவோரின் மூச்சை அவர் அளந்தார். சமவெளியிலிருந்து வந்தவர்களின் மூச்சு நின்று நின்று நடந்தது. தலைமுறை தலைமுறையாக மலையிலே வாழும் ஷெர்ப்பாக்களோ பெரும்பாலும் சீராக மூச்சுவிட்டு உறங்கினார்கள். கழுத்துக் காவலர் எவ்வளவுக்கெவ்வளவு பரபரப்பானவரோ, அவ்வளவுக்கவ்வளவு இரவில் தொல்லை அதிகம் என்று தெரிந்தது. பகலில் மலையேறத் துணை செய்யும் அதே குணம் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது!

ஆகவே, மூச்சு நின்று நின்று வருவது ஒன்றினாலேயே நண்பரை எழுப்ப வேண்டியதில்லை. அது அவருடைய காவலர் விழித்திருப்பதற்கு அடையாளம். ஆனால் விழித்து ஓய்ந்திருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், அது வேறு விஷயம். சுவாசகோசத்திலோ மூளையிலோ நீர் கோத்திருக்கக்கூடும். அப்போது பொழுது விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறக்கவேண்டும்.

தூக்கம் கெடுகிறதே என்று மதுவையோ, சுவாசத்தை மந்தப்படுத்தும் தூக்க மருந்தையோ நாடுவது, காவலர்களுக்கே மயக்க மருந்து கொடுப்பதாகும். அசெட்டசோலமைட் என்ற மருந்து வேறு வகையானது. அது இரத்தத்தில் சிறிது அமிலத் தன்மையை உண்டாக்கி மூச்சைத் தூண்டுகிறது. இரவு நிறுத்தங்களைக் குறைக்கிறது. அதையும் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலான மருந்து நிதானம். 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை அதே இடத்தில் மறுபடியும் தங்கவேண்டும். பகலில் உயர ஏறிவிட்டு, இரவில் இறங்கிவந்து படுப்பது உத்தமம். எவ்வளவு உயரம் ஏறினாய் என்று ஊரார் எல்லோரும் கேட்பார்கள். எவ்வளவு உயரத்தில் படுத்தாய் என்று கேட்பவர் சிலரே. உயிரைக் காப்பது இந்த இரண்டாவது கணக்குத்தான்.