அந்நியனின் குரல்



படப்பை வழியாக ஒரகடம் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். உள்ளே அமர்ந்திருக்கும் இளைஞரின் முகங்களில் கைப்பேசியின் ஒளி வீசுகிறது. சற்றுத் தொலைவில், ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும், உலகச் சந்தைக்குச் செல்லும் கைப்பேசிகளும் கணினிகளும் உருவாகின்றன. நம் வட்டாரத்துக் கைகளே அவற்றைப் பொருத்துகின்றன. ஆயினும் அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அதன் வழியே நம் இல்லத்தினுள் நுழைபவர் யாவர் என்பதை நம்மில் பலர் அறியோம். ஆகவே இம்மாதம் அதனைச் சிந்திப்போம்.

கணினி என்பது யாது?

நாம் கொடுக்கும் செய்தியை ஏற்று, நினைவில் இருத்தி, கட்டளைப்படி கணக்கிட்டு, விடையைத் திருப்பித் தரும் கருவியே கணினி. எழுத்து, படம், பாடல் யாவும் அதற்குப் பூச்சியமும் ஒன்றுமாகிய இரு குறிகளே. நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியும் ஒரு கணினியே. அதற்கு அறிவுரை எழுதிய மனிதனுக்கு மனச்சான்று உண்டு; கருவிக்கு இல்லை. நல்லவன் விரல் பட்டாலும் தீயவன் விரல் பட்டாலும் அது ஒன்றுபோலவே பணிந்து நடக்கும்.

இணையம் என்பது யாது?

உலகெங்குமுள்ள கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்த வலையே இணையம். 1969-இல் அமெரிக்காவில் சில கணினிகளை இணைத்ததில் அது தொடங்கியது. 1989-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைத்தளத் திட்டத்தை முன்வைத்தார். நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டது. செய்திகள் யாவும் வானத்துச் செயற்கைக் கோள் வழியே வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நாடுகளுக்கிடையே செல்பவற்றுள் பெரும்பகுதி கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கம்பிகளின் வழியே ஒளியாகப் பாய்கிறது. அக்கம்பிகள் கரையேறும் இடங்களுள் நம் சென்னையும் ஒன்று. 2020-இல் சென்னைக்கும் அந்தமான் தீவுகளுக்கும் இடையே 2,312 கி.மீ. நீளக் கம்பி பயன்பாட்டுக்கு வந்ததைப் பலர் நினைவுகூரலாம்.

இதனால் விளைந்தது என்ன? தொலைவு ஒழிந்தது. அயல்நாட்டில் பணிபுரியும் மகன் தாயின் முகத்தைக் காண்கிறான். அவ்வாறே, எந்த நாட்டிலோ இருக்கும் வஞ்சகனும் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறான்.

திருச்சபை இக்கருவிகளை வெறுத்ததில்லை. சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தனி ஆணை வெளியிட்டது. நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்து, பதினைந்து வயதில் இறந்த இத்தாலியச் சிறுவர் கார்லோ அக்குத்திஸை, 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்தார். எனவே அஞ்சவேண்டியது கருவியை அன்று. அதற்குள்ளிருந்து பேசும் அந்நியனின் குரலை.

அக்குரலை அறிவது எப்படி?

முதலாவது, அது அச்சுறுத்தும். காவல் அதிகாரி என்றும் நீதிபதி என்றும் சீருடையுடன் திரையில் தோன்றி, "உம்மை டிஜிட்டல் கைது செய்துள்ளோம், அறையைவிட்டு வெளியேறாதீர்" என்று மிரட்டும். அத்தகைய கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று நாட்டின் பிரதமரே வானொலி உரையில் இதனை எச்சரித்தார்.

இரண்டாவது, அது அவசரப்படுத்தும். "இன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்படும்", "வங்கிக் கணக்கு முடங்கும்" என்னும். பின்னர் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கும், அல்லது திருமண அழைப்பிதழ், அபராதச் சீட்டு என்று ஏதோ ஒன்றை அனுப்பித் திறக்கச் சொல்லும். அது கைப்பேசியை வேவு பார்க்கும் செயலியாக இருக்கலாம். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கொடுப்பதற்கே அது தேவை. இந்த ஒன்றை வீட்டிலுள்ள முதியோருக்குக் கற்பித்தாலே பெருநன்மை.

மூன்றாவது, அது ஆசை காட்டும். நம் வட்டாரத்தில் ஒப்பந்த வேலை முடிந்து அடுத்த வேலை தேடும் பிள்ளைகள் பலர். அவர்களின் பெற்றோர் இதனைக் கூர்ந்து கேட்கட்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு துன்புறுத்தப்பட்டனர். அவர்களுள் 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். அப்படியானால், நம்மை ஏமாற்றும் குரலுக்குரியவன் ஒரு தாயின் மகனாய், எங்கோ அடிபட்டுக் கிடக்கும் அடிமையாகவும் இருக்கலாம் அன்றோ? அயல்நாட்டு வேலை என்றால், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் உறுதிசெய்த பின்னரே பணமோ கடவுச்சீட்டோ கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். திருடன் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றுவதற்கு முன் அதனை முடக்க இயலும்; ஆதலின் முதல் சில மணி நேரங்கள் பொன்னானவை. சிறுபிள்ளைகளைப் படம் காட்டி எவரேனும் மிரட்டினால் 1098 என்ற எண் உண்டு.

ஆனால் பலர் அழைப்பதில்லை. வெட்கம் தடுக்கிறது. மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை இழந்த தந்தை அதை மனைவியிடமும் மறைக்கிறார். தகாத படத்தை அனுப்பிவிட்ட சிறுமி பெற்றோரின் சினத்துக்கு அஞ்சி, மிரட்டுபவனுக்கே மீண்டும் மீண்டும் பணிகிறாள். வஞ்சகனின் வலிமை கணினியில் இல்லை. நம் வீட்டின் மௌனத்தில் இருக்கிறது. "படித்தும் இப்படியா?" என்ற ஒரு சொல் போதும், அந்த வாய் என்றென்றைக்கும் மூடிக்கொள்ளும். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர்.

ஆடுகள் தம் மேய்ப்பனின் குரலை அறிந்திருப்பதால் அந்நியனின் குரலுக்கு விலகி ஓடும் என்று ஆண்டவர் உவமித்தார். வீட்டாரின் குரல் பரிவுடன் ஒலிக்கும் இல்லத்திலேயே பிள்ளைகள் அந்த வேறுபாட்டை அறிவர். ஆகவே, இம்மாதம் ஒருநாள் குடும்பச் செபமாலை முடிந்ததும் எழுந்து சென்றுவிடாமல் சற்று அமருங்கள். 1930 என்ற எண்ணை ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். பின் பிள்ளைகளைப் பார்த்து, "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், நாங்கள் கோபிக்கமாட்டோம்" என்று கூறுங்கள். கூறியபடியே நடக்கவும் திருக்குடும்பத்தின் பரிந்துரையை வேண்டுவோம்.